சீல் வைத்த வண்டி

போன வாரம் ஹார்பர் ரோட்டில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, கீழே கிடந்த ஒரு பொருளைப் பொறுக்கினேன். மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை, ஒரு முனையில் கொக்கி, நடுவில் நம்பர். கன்டெய்னர் கதவை அடைத்ததும் மாட்டுகிற சீல். மாட்டினால் மாட்டியதுதான், வெட்டாமல் எடுக்க முடியாது. இது இன்னும் மாட்டப்படாத புதுசு, யாரோ கைதவற விட்டது. "ரோட்டுல கெடக்கதையெல்லாம் பொறுக்குதீங்களே" என்றாள் பின்னால் இருந்த மனைவி. என் வாலிபத்தின் மொத்த வீரமும் இப்படியொரு பட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல?

அப்பாவுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. சரக்கு ஏற்றிய பெட்டிகளுக்கு சீல் வைப்பார். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. மண்ணெண்ணெய் கேனுக்கு சீல், டிரங்குப் பெட்டிக்கு சீல். ஒருதடவை ஊறுகாய் ஜாடிக்கும் வைத்தார். அம்மா அதை அப்படியே அவர் தட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, "நீங்களே கடிச்சுத் திறந்து தின்னுங்க" என்றதோடு அடுப்படிப் பக்கம் அந்தப் பழக்கம் போகவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது எனக்கொரு வண்டி வந்தது. செகண்ட் ஹேண்ட், டூ ஸ்ட்ரோக். கிளப்பினால் தெருவே புகையாகும். எண்ணெய் தீய்கிற அந்த வாசனையில் ஒரு இனிப்பு இருக்கும். உப்பளக் காற்றும் கருவாட்டு வாடையும் அதோடு சேர்ந்தால் எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சென்ட். அந்தக் காலத்துக்கு அது நடுத்தர வண்டி. எனக்கு அது யானை. ஒல்லிப் பாகன் நான்.

முன்னால் சிவப்பில் எல் போர்டு எழுதிய கையோடு, அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். கார்பரேட்டருக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குழாயைப் போடச் சொன்னார். அது உள்ளே இருந்தால் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்க முடியாது. கார்பரேட்டர் மூடியை யாரும் திறக்காதபடி சுற்றிக் கட்டி ஒரு மஞ்சள் சீல். "நல்லா ஓட்டிப் படி. பொறவு நானே வெட்டிவிடுதேன்" என்றார்.

முதல் நாள் முறுக்கிப் பார்த்தேன். பாதியில் 'டக்'கென்று நின்றது. மற்ற பையன்கள் என்றால் அழுதிருப்பார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. வேகம் என்றால் எனக்கு அவ்வளவு பயம். அதை வெளியே சொல்ல முடியுமா? இப்போது சொல்லவே வேண்டாம், சீல் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் திருச்செந்தூர் ரோட்டில் போவோம். பழையகாயல் தாண்டியதும் மூன்று வண்டிகள் புள்ளியாகி மறையும். முக்காணி டீக்கடையில் அவர்கள் இரண்டாவது டீ குடிக்கும்போது நான் போய்ச் சேருவேன்.

"வாரான்லே நம்ம தேரு" என்பான் ஜெரோம். பக்கத்துத் தெரு, பரதவப் பிள்ளை, வாய் அதிகம்.

"சீல் மட்டும் இல்லேன்னா தெரியும்லே நான் யாருன்னு" என்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. கூண்டில் அடைத்த சிங்கம் மாதிரி டீயை உறிஞ்சுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் சட்டைப்பையில் இருந்து கட்டிங் பிளேயரை எடுத்தான். இன்னொரு பையில் ஹார்பர் பக்கம் பொறுக்கிய புது சீல் ஒன்று. "ஏலே, இன்னைக்கு ஒனக்கு விடுதலை. கொழாய எடுத்துட்டு இதை மாட்டிருவோம். இங்கன இருந்து ஆலந்தலை வரைக்கும் ரேஸ்."

"வேண்டாம்லே. அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு."

"நாங்க வந்து அடக்கம் பண்ணுதோம். நீ சும்மா இரி."

கடவுளே, மழை வரட்டும் என்று வேண்டினேன். தூத்துக்குடிப் பக்கம் வேண்டினால் வருகிற மழையா அது? சீலை வெட்டினான். மூடியைத் திருகினான். ஸ்பிரிங் வந்தது. குழாயைக் காணோம். மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன. டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சியும் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியேலே" என்றான் ஜெரோம்.

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"சீல் வச்ச மூடிக்குள்ள இருந்து எப்படிலே விழும்?"

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். அது கடைசிவரை, வெண்ணெய் மாதிரி, திரும்பியது. என்னைப் பார்த்தான். "அப்போ இத்தனை மாசமா நீ இதை முறுக்கிக்கூடப் பாக்கலியா?"

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். டீ சிந்தியது. ரேஸ் நடக்கவில்லை. ஓட வேண்டியவனைத் தவிர மற்றவர்கள் தரையில் உருண்டுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே குடைச்சல். குழாயை யார் எடுத்தது? கேட்டால் சீலை வெட்டியது தெரிந்துவிடும். கேட்காவிட்டால் தூக்கம் வராது. அப்பாவே வண்டிப் பக்கம் குனிந்து ஜெரோம் மாட்டிய சீலைப் பார்த்தார். பெட்டி பெட்டியாகப் பார்த்த கண்.

"நம்பர் மாறியிருக்கே. தொறந்து பாத்தாச்சோ?"

"உள்ள கொழாய் இல்லியேப்பா."

"நாந்தான் எடுத்தேன். ஒருநாள் இதுல வேலைக்குப் போனேன். ஐஸ் ஏத்திட்டுப் போற டிரைசைக்கிள்காரன் என்னைய முந்திட்டுப் போறான். திரும்பிப் பார்த்துச் சிரிப்பு வேற."

"பொறவு ஏன் திரும்பவும் சீல் வச்சிய?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா சீல் வச்சிட்டாருன்னு ஜெரோமுகிட்ட சொல்லிட்டிருந்த. நான் கதவுக்குப் பின்னால நின்னேன். அவ்வளவு சந்தோசமா நீ எதையும் சொல்லி நான் கேட்டதில்ல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போது வேகத்தைப் போனிலேயே கட்டிவைக்கிற வண்டிகள் வந்துவிட்டதாக மருமகன் சொல்கிறான். அப்பன் வீட்டிலிருந்தே மகன் வண்டியைப் பிடித்து நிறுத்தலாமாம். முக்காணி டீக்கடை இருந்த இடம் ரோட்டுக்குள் போய்விட்டது. ஜெரோம் கப்பலேறி, எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவன் அனுப்புகிற போட்டோவைப் பார்த்துத்தான் தெரியும். அந்த இனிப்புப் புகை எங்கேயும் இல்லை. அப்பாவும் போய்ப் பல வருஷமாகிறது.

பொறுக்கிய சீலை ஸ்கூட்டர் ஆக்ஸிலேட்டர் வயரில் மாட்டினேன். சும்மாதான். ஒரு வாரமாகிறது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நேற்று சிக்னலில் பச்சை விழுந்தபின் நான் நகர்ந்த வேகத்தைப் பார்த்து, பின்னால் வந்த பையன் விடாமல் ஹாரன் அடித்தான். திரும்பி, "எங்கப்பா சீல் வச்சிருக்காருப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் என் தலை நரையைப் பார்த்துவிட்டு, "நீங்க மெதுவா போங்க, தாத்தா" என்று சொல்லிப் போய்விட்டான்.