பீப்பாயில் வைத்த அந்துருண்டை

எழுபதுகளின் நடுவில் நானும் என் கணவரும் டொராண்டோவில், பார்க்டேல் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தோம். எதிர் வீட்டம்மா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தார், தனியாக இருந்தார். கரீபியன் கடலில், பிரிட்டிஷார் வசம் இருந்த ஒரு குட்டித் தீவுதான் அவர் ஊர். உலகப் படத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் தீவே மறைந்துவிடும்.

அந்தத் தீவு ஒரு காலத்தில் உப்பு விற்றுப் பிழைத்ததாம். என் கணவர் தூத்துக்குடிக்காரர். உப்பளம் என்ற பேச்சு வந்ததுமே இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். உப்பு வாங்கக் கப்பல் வருவது நின்றுபோக, வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் அனுப்பும் பீப்பாய்களால்தான் ஊரே ஓடியது. இடுப்பு உயர அட்டைப் பீப்பாயில் சாமான்களை அடைத்துக் கப்பலில் போடுவார்கள்.

எதிர் வீட்டம்மாவும் மாவு, பால் பவுடர், சர்க்கரை என்று சிறுகச் சிறுகச் சேர்த்துத் தங்கைக்கு அனுப்புவார். கணவனை இழந்த அந்தத் தங்கை பன் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். கிறிஸ்துமஸ் வியாபாரம்தான் அவளுக்கு முக்கியம். அந்த வருடம் புதிதாகப் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டு மாவுக்காகக் காத்திருந்தாள்.

பீப்பாயை ஏற்ற லாரி வரும் அன்று எதிர் வீட்டம்மாவுக்கு டியூட்டி. சாவியை எங்களிடம் கொடுத்து, மேலாகப் பிள்ளைகளின் துணிகளை அடுக்கி மூடி அனுப்பச் சொன்னார். என் கணவருக்குப் பெட்டி கட்டுவதில் தனி கர்வம். "என்னங்க, போதும், மூடுங்க" என்றால் கேட்பாரா?

"வாரக்கணக்கா கப்பல்ல போகும், பூச்சி அரிச்சிரும்லா!" என்றவர், ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த அந்துருண்டைகளை என் பழைய கைக்குட்டைகளில் முடிந்து, துணி மடிப்புகளுக்குள் செருகினார். துணி என்றால் அந்துருண்டை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடியில் கிடந்த மாவு எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஜனவரியில் ஒரு நாள், என் கணவர் ஆபீஸ் போயிருந்த நேரம், எதிர் வீட்டம்மா வந்து உட்கார்ந்தார். துணிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவாம். ஆனால் வெயிலில் மூடிக் கிடந்த பீப்பாய்க்குள் மாவு, பால் பவுடர் எல்லாவற்றிலும் அந்த நாற்றம் ஏறிவிட்டது. முதல் நாள் சுட்ட பன்களை வாங்கியவர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மிச்ச மாவைத் தங்கை கடலில் கொட்டினாளாம். கிறிஸ்துமஸுக்குப் புது அடுப்பு எரியவே இல்லை. மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பக்கத்துத் தீவில் ஓட்டல் வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அழுத என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா செஞ்சிருக்கார், தாங்க மாட்டார்" என்றார் எதிர் வீட்டம்மா.

நான் சொல்லவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு எதிர் வீட்டம்மாவும் எங்களோடு சாப்பிட வந்தார். நண்பர்கள் எல்லோரும் இருக்கும்போது என் கணவர் பெருமையாக, "என் பேக்கிங் எப்படி? துணியில ஒரு ஓட்டை உண்டா?" என்று எதிர் வீட்டம்மாவிடமே கேட்டுவிட்டார். அவரோ சிரித்துக்கொண்டே, "ஒண்ணுகூட இல்லை. எல்லாம் புதுசு மாதிரி போய்ச் சேர்ந்துது" என்றார்.

அடுத்த வருடம் பீப்பாய் அனுப்பும் சமயத்தில் என் கணவர் அந்துருண்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. "நம்மள மறந்துட்டாங்க போல" என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைக்கூட என்னால் தீர்க்க முடியவில்லை.

இன்று அவர் இல்லை. அவருடைய சட்டைகள் இருக்கும் பீரோவில் நான் அந்துருண்டை போடுவதில்லை. பூச்சி அரித்தால் அரித்துவிட்டுப் போகட்டும். அன்று மூடுவதற்கு முன் அடியில் இருந்த மாவை ஒரு நொடி நினைத்திருந்தால், நான் முகம்கூடப் பார்க்காத அந்தப் பெண் அந்த வருடமும் பள்ளிக்கூடம் போயிருப்பாள் என்ற நினைப்பு மட்டும் என்னை இன்னும் விடவில்லை.