ஆறு அந்துருண்டைகள்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. உடனே நான் எட்டு வயதுக் குற்றவாளியாகிவிட்டேன்.

அப்போது சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அம்மா தன் கல்யாணப் புடவைக்குள் ஆறு அந்துருண்டைகளை வைத்திருந்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிரித்தபோது வாசனைதான் இருந்தது; உருண்டை ஒன்றுகூட இல்லை.

"கோலி வெளையாட எடுத்தியாடா?"

"இல்லம்மா."

"பொய் வேறயா? சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா. அப்பத்தான் புதுச்சட்டை."

பங்குச் சாமியார் முன் மண்டியிட்டு, எடுக்காத ஆறையும் எடுத்ததாக ஒப்புக்கொண்டேன். சட்டை கிடைத்தது.

ஒன்பதாம் வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக ஈர்த்தால்தான் திடப்பொருள் திடமாகவே இருக்குமாம். அந்துருண்டையில் அந்தப் பிடிப்பு தளர்வு. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, உருகாமலே காற்றில் கலந்துவிடும். எனக்காகச் சாட்சி சொன்ன ஒரே பாடம் அது. புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா இரண்டு முறை படித்தார். "அப்ப நீ எடுக்கலயா சாமி?" என்று தலையைத் தடவினார். கை பாதியில் நின்றது.

"எடுக்காதத எடுத்தேன்னு சாமியார்கிட்டயே பொய் சொன்னியா? அதுக்கு இன்னொருக்கா போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு."

இன்றுவரை போகவில்லை. இப்போது அம்மா இல்லை. அவர் எனக்கென்று விட்டுச்சென்றவற்றில் அந்தப் பாவமும் ஒன்று. அதைக் கரைத்துவிட மனம் வரவில்லை.