வகுப்பு வாசலில் ஷிப்ட் மாற்றம்

மருத்துவமனையில் ஷிப்ட் முடிந்ததும் அப்படியே கிளம்பிவிட முடியாது. ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்து வரும் தாதியிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகுதான் மனசு லேசாகி வீட்டுக்குப் போகலாம்.

அந்தத் தாதி வேலையை விட்டு, ஆசிரியர் பயிற்சிக்கான பட்டமேற்படிப்பு முடித்து, சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். வகுப்பை எப்படி நடத்துவது என்று படிப்பில் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எப்படி விட்டுவிட்டு வெளியே வருவது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் பாடம் முடிந்ததும் வாசலிலேயே நின்றேன். அடுத்தது கணக்கு. அந்த ஆசிரியர் என்னைவிட இளையவர். அவர் வந்ததும் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன்.

"ஜன்னலோரம் இருக்கிற பொண்ணு காலையில சாப்பிடல. தலை சுத்துதுன்னு சொன்னா. பிஸ்கட் குடுத்திருக்கேன். நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். "டீச்சர், இது வார்டு இல்ல லா. நான் பாடம் முடிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. இனி இந்த மனிதரிடம் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் எம்ஆர்டி ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பெண்ணின் நினைப்புதான். மறுநாளிலிருந்து மணி அடித்ததும் எங்கும் நிற்காமல் விறுவிறுவென்று நடந்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய பாடம் முடிந்து என்னுடைய பாடம். நான் போனபோது அவர் கிளம்பாமல் வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கும் சாப்பிடல டீச்சர்," என்றார் தாழ்ந்த குரலில். "கேண்டீன்ல குடிக்க மைலோ வாங்கிக் குடுத்திருக்கேன். நீங்க பாத்துக்குங்க."