பின்பெட்டியில் இரண்டு சாக்கு

அரசாங்க அலுவலகமொன்றில் பிக்கப் ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வரும் சாரதித் தம்பிமாருக்கு ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சாக்கைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

எங்கள் அலுவலகப் பெரியவர் வயல் பக்கம் போனால் அரிசி வாங்காமல் திரும்பமாட்டார். வவுனியாக் கடை விலைக்கு இல்லை, விவசாயியிடமே குறைத்து வாங்கும் ‘கமக்காரன் விலைக்கு’. அதனால் புறப்படும்போதே இரண்டு வெறுஞ்சாக்கைப் பின்பெட்டியில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

அன்று மல்லாவிப் பக்கம் கமக்காரர் கூட்டம். சிறுபோக நெற்பயிர் பசளை இல்லாமல் மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊருக்கு மானிய யூரியா கொடுக்கலாமா என்று பெரியவர்தான் அறிக்கை எழுத வேண்டும். அவரோ எழும்பி நின்று, மானியம் கொடுத்துத்தான் கமக்காரர் சோம்பேறியானார்கள், எதையும் அதற்குரிய விலை கொடுத்து வாங்கப் பழக வேண்டும் என்று நீட்டி முழக்கினார். எனக்குப் பின்பெட்டிச் சாக்குகள் நினைவுக்கு வந்தன. ஆனால் கூட்டத்தில் சாரதிக்கு ஏது வாய்?

முடிந்ததும், கமக்காரர் அமைப்பின் தலைவி பரமேஸ்வரியக்கா பிக்கப் பக்கம் வந்து பின்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, வெறுஞ்சாக்கு?”

“ஐயாவுக்கு அரிசி வாங்க அக்கா.”

“கடை விலைக்கோ?”

நான் குனிந்து சக்கரத்து ரயரில் காற்றுப் பார்த்தேன். அக்காவுக்கு விளங்கிவிட்டது. நேரே பெரியவரிடம் போனார்.

“ஐயா, வீட்டிலை அரிசி இருக்கு. கடை விலையிலை குறைச்சுத் தாறன். ஆனா குறைக்கிற பங்குக்கு மானியம் எண்டு பேர். அடையாள அட்டையோடை வந்து என்ரை வீட்டுப் படலையடியிலை வரிசையிலை நில்லுங்கோ. பசளைக்கு நாங்கள் அப்பிடித்தான் நிக்கிறனாங்கள். உங்களைச் சோம்பேறியாக்கிப் போடுவனோ எண்டுதான் பயமாக் கிடக்கு.”

பெரியவரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் எஞ்சின் பார்ப்பதுபோல் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு இடம் கிடைக்கவில்லை.

பெரியவர் அரிசிக்குக் கடை விலைதான் கொடுத்தார். திரும்பும் வழியில் மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அங்கே கேட்டார்:

“அவாக்கு என்னிலை ஏனப்பா அவ்வளவு கோபம்?”

“கோபம் இல்லை ஐயா. பயிர் மஞ்சளடிச்சா கதை அப்பிடித்தான் வரும்.”

அறிக்கையில் என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. பயிர் கருகுமுன் பசளை வந்து சேர்ந்தது. அடுத்த தடவை போனபோது பரமேஸ்வரியக்கா எனக்கு ஒரு பூசணிக்காய் தந்தார், அதற்கு வரிசை கேட்கவில்லை.

தம்பிமாரே, மானியம் வேண்டுமா வேண்டாமா என்று பெரியவர்கள் பேசட்டும். நீங்கள் சாக்கை மட்டும் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் விரித்து வையுங்கள்.