கிறிசாந்தோ துறையில் உட்கார்ந்திருந்த வரை

கப்பல் வராத நாளில் யாராவது கேட்டால், கடல் என் காலை வாங்கிக்கொண்டது என்பான் கிறிசாந்தோ. கப்பல் வந்த நாளில் கேட்டால் மோட்டார் சைக்கிள் விபத்து. அப்படிச் சொல்வதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கூபா கடை முதலாளி அவனுக்குத் துறையில் அந்த இடத்தைக் கொடுத்தார்.

கரீபியன் தீவான ரோவாத்தானில், சுற்றுலாக் கப்பல் துறையின் வாசலுக்கு வெளியே, வாதாம் மரத்தடியில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கூபாவுக்கு ஆள் பிடிப்பது அவன் வேலை. கப்பலில் வருகிறவர்களுக்குத் தீவில் சில மணி நேரம்தான். தண்ணீருக்கடியில் மூச்சுவிட்டே பழகாதவர்களுக்குக் கரையோரம். பழகியவர்களுக்குப் படகில் போய் இறங்கும் பவளச் சுவர். வீரம் பேசுகிறவர்களுக்கு, மூழ்கிக் கிடக்கும் பழைய சரக்குக் கப்பல். யாரை எங்கே அனுப்புவதென்று ஆள் நடந்து வருவதைப் பார்த்தே முடிவு செய்துவிடுவான்.

"வீட்டுக்காரர் சுவருக்குப் போகட்டும், மிஸ். நீங்க கரையோரத்துக்கு வாங்க. அங்க இருக்கிற மீனெல்லாம் எனக்குச் சொந்தம். வந்தவங்ககிட்ட மரியாதையா நடந்துக்கும்."

அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். காலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அவனோடு முன்பு சேர்ந்து முங்கிய வில்மர், சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பான்.

"மச்சான், இன்னிக்கு உன் வண்டி என்ன கலரு?"

"சிவப்பு."

"போன வாரம் கறுப்புன்னியே!"

"விழுந்தப்புறம் பெயின்ட் அடிச்சேன்டா. உனக்கென்ன?"

உண்மையில் நடந்தது வேறு. புதியவர்களைத் தண்ணீருக்குப் பழக்குவதில் அந்தத் தீவிலேயே அவனுக்குப் பெயர். பயப்படுகிறவரோடு மேலே வந்து, தேற்றி, மறுபடி கீழே போய், அடுத்தவரோடு மேலே வந்து, நாள் முழுக்க ஏறி இறங்குவான். அப்படி ஒரு நாள் முடிவில் ஒரு பயணியின் கேமரா சுவர்ப்பக்கம் விழுந்துவிட்டது. கப்பல் சங்கு ஊதிவிட்டதால் அந்த மனிதர் தவித்தார். கிறிசாந்தோ ஒரே மூச்சாக இறங்கி, கேமராவை எடுத்துக்கொண்டு, போன வேகத்திலேயே மேலே வந்தான். இருட்டியதும் தோள் வலித்தது. ரம்மைத் தேய்த்துக்கொண்டு படுத்தான். காலையில் பாதம் மரத்திருந்தது.

அப்போதாவது, வேகமாக மேலே ஏறினால் இரத்தத்தில் கட்டும் காற்றுக் குமிழியைக் கரைக்கிற, ஆஸ்பத்திரியின் அழுத்த அறைக்குப் போயிருக்க வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆழத்தில் வந்த வலியை ஆழத்திலேயே விட்டு வருவது. கிறிசாந்தோவும் சிலிண்டரை மாட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் இறங்கினான். கீழே கால்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. உதைத்து நீந்தினான். சந்தோஷமாக மேலே ஏறினான். கரைக்கு அவனைத் தூக்கித்தான் வந்தார்கள். டாக்டர் அழுத்த அறையில் பலமுறை வைத்துப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொண்டது அக்கா எவுலாலியா. விடியுமுன் எழுந்து, அவனை ஒருக்களித்துத் திருப்பி, பிட்டத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள். மூத்திரப் பையை மாற்றுவாள். மரவள்ளி ரொட்டியையும் வறுத்த மீனையும் கையில் கொடுத்து நாற்காலியில் ஏற்றுவாள்.

"அடிக்கடி கையை ஊனி உடம்பைத் தூக்கு. வெள்ளைக்காரி பல்லைக் காட்டினான்னு மறந்துடாதே."

"சரிக்கா."

"சாயங்காலம் வந்து பார்ப்பேன். சிவந்திருந்தா தொலைஞ்சே."

புண் உள்ளவன் நாள் முழுக்க உட்காருவது கெடுதல். அவளுக்கு அது தெரியும். ஆனால் படுக்கையிலேயே கிடந்த காலத்தில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட மறுத்தான். கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிந்தது. துறையில் இடம் கிடைத்த பிறகுதான் தட்டைக் காலி செய்தான். எந்தக் கெடுதல் சின்னது என்று யோசித்து, அவள் நாற்காலிக்குச் சம்மதித்தாள். அந்த மரத்தடி போனால் தம்பியும் போய்விடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கும் இல்லை.

மழை விட்ட ஒரு காலை, மார்னி என்ற பயணி அவனிடம் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். சுவருக்குப் போகும் படகில் அவளுக்கும் கணவருக்கும் கப்பலிலேயே இடம் பதிவாகியிருந்தது. கணவர் துடுப்புச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வலது கையை உதறிக்கொண்டே நின்றாள்.

"உங்க காலுக்கு என்ன ஆச்சு?"

"மோட்டார் சைக்கிள், மிஸ்."

"பாவம்." மறுபடி கையை உதறினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவர்கிட்ட சொல்லாதீங்க. நேத்து வேற தீவுல முங்கினோம். ராத்திரியிலேருந்து கை மரமரன்னு இருக்கு. தோள்ல அரிப்பு. இன்னிக்கு இறங்கினா சரியாயிடும்ல? தண்ணிக்குள்ள போனா நல்லா இருக்கும்னு தோணுது."

கிறிசாந்தோ சுற்றிலும் பார்த்தான். படகில் இன்னும் ஏறாமல் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் நின்றார்கள். வில்மர் அவனையே பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான்.

"டாக்டரைப் பாத்துட்டுப் போங்க, மிஸ்."

"சின்ன விஷயம்தானே? பை வார் அழுத்தியிருக்கும்னு நினைக்கிறேன். இந்த ஒரு தடவை போயிட்டு வந்து பாத்துக்கறேன்."

அவள் படகைப் பார்த்துத் திரும்பினாள்.

"மிஸ், நில்லுங்க. நான் வண்டியே ஓட்டினதில்லை. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. தண்ணிக்குள்ள போனா சரியாயிடும்னுதான் நானும் போனேன். இறங்காதீங்க."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். துடுப்புச் செருப்பு போட்டிருந்த கணவர் நிமிர்ந்தார். வரிசையில் இருந்த ஒரு பெண், "இவர் இங்கேதான் முங்கினாரா? இதே கடையிலயா?" என்று கேட்டாள். அவள் தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனாள். பின்னாலேயே மற்றவர்களும் கழன்றார்கள். படகு அன்று சுவருக்குப் போகவில்லை.

மார்னியைத் துறை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பிராணவாயு கொடுத்துப் பார்த்தார்கள். வார் அழுத்தியதாகவும் இருக்கலாம், முங்கியதால் வந்த குமிழியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் அவள் கப்பலேறிப் போய்விட்டாள். பிறகு கை என்ன ஆனதென்று தீவில் யாருக்கும் தெரியாது. தான் சொன்னது அவளைக் காப்பாற்றியதா, சும்மா பயமுறுத்தியதா என்பது கிறிசாந்தோவுக்கும் தெரியாது.

முதலாளி வந்து நாற்காலிக்கு எதிரே குந்தினார். கெட்ட மனிதர் இல்லை. அழுத்த அறைக்கு அவனைத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"கப்பல்காரங்க என்னைக் கூப்பிட்டு, இனிமே ஆள் அனுப்பலாமா வேண்டாமான்னு யோசிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"அந்தம்மா இறங்கியிருந்தா, முதலாளி?"

"இறங்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம்."

"ஆமா. இருந்திருக்கலாம்."

"கொஞ்ச நாள் வீட்ல இரு. விஷயம் ஆறட்டும்."

கிறிசாந்தோ வீட்டில் இருந்தான். மூன்று வாரம் கழித்து வில்மர் வந்தான். எவுலாலியா இடித்த வாழைக்காயும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும் வைத்துக்கொடுத்தாள். தம்பிக்கு வைத்த தட்டு ஓரமாக அப்படியே இருந்தது. புண் ஆழமாகிவிட்டதால் அவனை வலப்பக்கம் ஒருக்களித்துப் போட்டிருந்தாள்.

"முதலாளி என்ன சொன்னாரு?" என்றான் கிறிசாந்தோ.

வில்மர் மீனைப் பிட்டான். "மரத்தடியில ஒரு பொண்ணைப் போட்டுட்டாங்க, மச்சான். நல்லாப் பேசுறா. கப்பல்காரங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"அப்ப நான்?"

"அவர் வாயைத் திறந்து சொல்லல. எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சு."

சாப்பிடும்போது வில்மர் இடது முழங்கையை மடக்காமலே வைத்திருந்தான். தண்ணீர்க் கோப்பையை வலக்கையால் எடுத்தான்.

"கைக்கு என்னடா?"

"தூக்கத்துல கை மேல படுத்துட்டேன்."

"எப்ப இருந்து?"

"ஆளை விடு, மச்சான். நேத்துல இருந்துதான்."

"இங்கேயிருந்து நேரா டாக்டர்கிட்ட போ. இப்பவே."

"நாளைக்கு ரெண்டு கப்பல்," என்றான் வில்மர். தட்டை வழித்து, எவுலாலியாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். "அக்கா, குழம்பு பிரமாதம்."

அவன் போன பிறகு எவுலாலியா கடிகாரத்தைப் பார்த்தாள். திருப்பிப் போடும் நேரம். தம்பியின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுத்து, அவனை இடப்பக்கமாக உருட்டி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். இடப்பக்கம் சுவர் இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், அதில் எதுவும் குறைந்திருக்கவில்லை.