வலப்பக்க நிலையில் ஒரு பள்ளம்

வெள்ளிக்கிழமைகளில், ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் வீட்டுக் கதவடியில் அரைத்த சந்தனம் மணக்கும். மூன்றாம் மாடிக்குப் படியேறி வருபவர்களுக்கு முதலில் அந்த மணம்தான் தெரியும், பெயர்ப்பலகை பிறகுதான். உலகப் போரின் குண்டுகளுக்குத் தப்பிய பழைய கட்டடம் அது. கதவின் வலப்பக்க நிலையில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் இருந்தது. எத்தனை தடவை வர்ணம் பூசியும் நிரவாத அந்தப் பள்ளத்தைச் சாமிக்கென்றே யாரோ செதுக்கி வைத்ததாக நினைத்துக்கொண்ட அம்மா, விளக்கேற்றிய கையோடு அதிலே சந்தனமும் குங்குமமும் அப்பிவிடுவார். "பெயின்ற்" பழுதாகிறது என்று அப்பா முணுமுணுப்பார். அம்மா அதைக் காதில் வாங்கவே மாட்டார்.

அப்பாவின் மனமோ வேறொரு வீட்டில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அவர் கட்டி, போரால் விட்டு வந்த வீட்டில், பலாலிப் பக்கம் இராணுவம் பிடித்து வைத்திருந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்று குடியேறியிருந்தது. தொலைபேசியில் ஊர்க்காரர் யார் அகப்பட்டாலும், "வீட்டை விட்டு எழும்பச் சொல்லுங்கோ, இல்லாட்டி நானே வந்து எழுப்புவன்" என்பார். அவர்களுக்கும் போக்கிடம் இல்லை என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான கோடையில், ஒரு வெள்ளிக்கிழமைப் பகல், வாசல்மணி அடித்தது. ரூத் என்று பெயர் சொன்ன ஒரு மூதாட்டி தனியே நின்றார். இஸ்ரேலின் ஹைஃபா நகரிலிருந்து வருவதாகவும், இந்த வீட்டில்தான் பிறந்ததாகவும், அடுக்களையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவதாகவும் சொன்னார். என் வயதில் தாயும் தகப்பனும் அவரை மட்டும் ரயிலேற்றி, கடல் கடந்து வாழ்ந்த சித்தியிடம் அனுப்பினார்களாம். யூதர்கள் என்பதற்காக அந்த இருவரையும் பிறகு நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவருடைய ஜெர்மன் அந்த ஒன்பது வயதோடு நின்றுபோயிருந்தது. பெரியவர்களின் சுற்றிவளைத்த பேச்சு எதுவும் இல்லாத அந்த மொழியை அப்பாவுக்குத் தமிழில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்பாவின் முகம் கறுத்தது. "வீட்டைக் கேட்டு வந்திருக்கிறா. ஏலாது எண்டு சொல்லிக் கதவைச் சாத்து."

"இதென்ன, எங்கட வீடோ? வாடகை வீடுதானே" என்றார் அம்மா. "வயசுபோன மனுசி, படியேறிக் களைச்சு நிக்கிறா. வாங்கோ அம்மா, உள்ளுக்கு வாங்கோ."

உள்ளே கால் வைக்குமுன் ரூத் தம்மை அறியாமலே வலக்கையை நீட்டி அந்தப் பள்ளத்தைத் தொட்டு, விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார். உதடெல்லாம் குங்குமம். அம்மா பதறிப்போய்ச் சேலைத் தலைப்போடு ஓடினார். வேதவரிகளை அடக்கிய "மெசூசா" என்ற சிறிய கூடொன்றை அங்கே தம் தகப்பன் மரத்தைக் குடைந்து பதித்து வைத்திருந்ததாகவும், உள்ளே வருபவர்கள் அதைத் தொட்டு முத்தமிடுவது வழக்கம் என்றும் ரூத் விளக்கினார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

தாய் மா பிசைந்த இடத்தைக் காட்டி, சன்னலோரம் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் அவர் தேநீர் குடிக்க உட்கார்ந்தார். அப்பா அப்போதும் வாசற்படியை விட்டு அசையவில்லை. "வீடு திரும்ப வேணுமாமோ எண்டு கேள்" என்றார்.

ரூத் தலையாட்டி மறுத்தார். "எனக்கு வீடு இருக்கிறது. அதுவும் இன்னொருவர் வீடுதான்."

இஸ்ரேல் உருவான போரில் அரபுக் குடும்பமொன்று விட்டு ஓடிய வீட்டைச் சித்திக்குக் கொடுத்தார்களாம். அடுப்பில் கோப்பிப் பாத்திரம் வைத்தபடி இருந்ததாம். வருடங்கள் கழித்து அந்த வீட்டுக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். "சித்தி திறக்கவில்லை. நானும் உள்ளேதான் இருந்தேன், நானும் திறக்கவில்லை. எங்களுக்கும் வேறு இடம் இருக்கவில்லை."

இதையும் நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ரூத் புறப்பட்டபோது அப்பாவே அவர் கையைப் பிடித்துத் தெருவாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அடுத்த ஆண்டு, இலங்கையில் போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போகும் பாதை திறந்தது. அப்பா வீட்டு உறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனார். திரும்பி வந்ததும் வராததுமாக அம்மா கேட்டார்: "எழுப்பிப் போட்டீங்களோ?"

"இல்லை. அதுகளும் வீடு வாசலை விட்டிட்டு வந்த சனம். ஒரு சின்னப் பெட்டை வந்து கதவைத் திறந்தாள்."

"ஆர் எண்டு சொன்னனீங்கள்?"

"றோட்டால போறன், விடாய்க்குது எண்டு சொன்னன். செம்பில தண்ணி தந்தாள்." அந்தப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, "எங்கட கிணத்துத் தண்ணி" என்றார்.

இன்று அப்பா இல்லை. ரூத் அம்மையாரும் இருக்க வழியில்லை. பலாலிப் பக்கத்துக் காணிகளை இராணுவம் விடுவித்ததும் அந்தக் குடும்பம் தன் ஊரைப் பார்க்கப் போய்விட்டதாகவும், போகுமுன் வீட்டைக் கூட்டிக் கழுவி வைத்ததாகவும் உறவினர் ஒருவர் சொன்னார். போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். வீடு எங்களுக்கே திரும்பிவிட்டது. தண்ணீர் கேட்டால் கொடுக்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.