வால்வு கேட்டுப் போட்ட கார்டுகள்

போன வாரம் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியாம். எந்த மைக்ரோகன்ட்ரோலரைப் போடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தான். உள்ளதில் உசத்தியானதை அவன் தேடவில்லை. பத்து வருடம் கழித்தும் கடையில் கிடைப்பதைத் தேடுகிறான். விவரமான பிள்ளை. ஈயப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குத் திண்டுக்கல் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் செபஸ்தியானும் கூட்டாக ரேடியோ கடை வைத்திருந்தோம். கரண்ட் இல்லாத ஊர்களுக்கு பாட்டரி செட் செய்து விற்க நினைத்தோம். ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியும் வால்வுகளில் புதிதாக வந்திருந்த ஒன்று பாட்டரியைக் குறைவாகத் தின்னும். அது போனால் மறுபடி கிடைக்குமா என்று செபஸ்தியான் கேட்டான். நான்தான் பெரிய மேதையாயிற்றே, யோசனை சொன்னேன். பழனி, ஒட்டன்சத்திரம், கொடைரோடு என்று ரேடியோ கடை இருந்த ஊருக்கெல்லாம் அந்த வால்வு இருக்கிறதா என்று கேட்டுத் தபால் கார்டு போட்டோம். இல்லை என்று பதில் வந்தது. விடாமல் மாதாமாதம் போட்டேன். நாலாம் மாதம் எல்லோரும் இருக்கிறது என்று எழுதினார்கள். துணிந்து இறங்கிவிட்டோம். சிறுமலை வரைக்கும் எங்கள் செட் போனது.

இரண்டு வருடத்தில் வால்வுகள் ஒவ்வொன்றாகப் போயின. டிரான்சிஸ்டர் வந்துவிட்டதால் அந்த வால்வு செய்வதையே நிறுத்தியிருந்தார்கள். கடைகளிலும் இல்லை. யாரோ ஓயாமல் கேட்கிறார்களே என்று அப்போது கொஞ்சம் வாங்கி வைத்தார்களாம். அதையும் நாங்களே வாங்கித் தீர்த்திருந்தோம்.

"ஏலே, நம்ம கேட்டதுனாலதான அம்புட்டுப் பேரும் வாங்கி வச்சிருக்காங்க" என்றான் செபஸ்தியான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எல்லையில் சண்டை நடந்த சமயம் அது. சிறுமலையிலிருந்து குருவம்மா என்ற அம்மாள் வால்வு போன செட்டைத் தலையில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான்.

"சேதி கேக்காம சோறு எறங்கல அப்பு. தெனம் செத்த நேரம் செட்டு பேசுனாப் போதும்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. செபஸ்தியான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத தன் ஊருக்குப் போய், வீட்டு செட்டிலிருந்த வால்வைக் கழற்றிவந்து மாட்டிக் கொடுத்தான்.

சண்டை முடிந்து அந்த மகன் ஊர் திரும்பினான். கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. செபஸ்தியானும் இப்போது இல்லை. அவன் வீட்டு செட் கடைசிவரை பேசவில்லை. வால்வு எங்கேயும் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் அவனுக்காக நான் ஒரு கடையிலும் கேட்கவில்லை.